ஓட்டமும் படிப்பும்

ஸ்ரீராம்புரத்தில் பொழுது விடிவதற்கு முன்னரே தெரு விழித்துக்கொள்ளும். குழாயடியில் குடங்கள் வரிசை பிடிக்கும். பூக்கட்டுகிறவர்கள் மார்க்கெட்டிலிருந்து மூட்டையோடு திரும்புவார்கள். அந்த வேளையில் ஒருவன் தோளில் பையை மாட்டிக்கொண்டு ஓட்டப் பயிற்சிக்குக் கிளம்பினால் பார்ப்பவர்களுக்கு வேடிக்கைதான். "ஏம்பா, உன்னை யார் துரத்துகிறார்கள்?" என்று எதிர்வீட்டுப் பாட்டி நாள் தவறாமல் கேட்பார். நானும் நாள் தவறாமல் சிரித்துவிட்டுப் போவேன். சென்ற பருவத் தேர்வின் முடிவு வந்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு வரவில்லை.

கணிதத்தில் தோற்றிருந்தேன். அதே பருவத்தில், கல்லூரிகளுக்கிடையே நடந்த 200 மீட்டர் ஓட்டத்தில் ஐந்தாவதாக வந்திருந்தேன். "பந்தயத்துக்குப் பயிற்சி செய்ததில் படிக்க நேரமில்லை" என்று வீட்டில் சொன்னேன். "பரீட்சைக்குப் படித்ததில் பயிற்சிக்கு நேரமில்லை" என்று மைதானத்தில் சொன்னேன். அங்கே நம்பினார்கள். சொல்லிச் சொல்லி நானும் நம்பிவிட்டேன். அப்பா மட்டும் தையல் இயந்திரத்திலிருந்து தலை நிமிராமல், "ஓட்டம் சோறு போடுமாடா?" என்றார்.

கோபத்தோடு தாத்தாவிடம் போய் முறையிட்டேன். மில்லில் உழைத்து ஓய்ந்தவர் அவர். கேள்விக்குப் பதில் சொல்லாமல், "கென்னத் பவல் பெயரைக் கேட்டிருக்கிறாயா?" என்றார். கேட்டிருந்தேன். 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் பவல் மறைந்த செய்தியை நாளிதழிலிருந்து உரக்கப் படித்துக் காட்டியவர் இதே தாத்தாதான். அன்று நான் காது கொடுத்துக் கேட்கவில்லை.

பவல் 1940-இல் கோலாரில் பிறந்தவர். பெங்களூருக்கு வந்து, தூரவாணி நகரிலுள்ள இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரும் 200 மீட்டரும் ஓடினார். நால்வர் தொடரோட்டத்தில் அவர் இடம்பெற்ற இந்திய அணி அரையிறுதி வரை சென்றது. மறு ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார். 1970-இல் பாங்காக் ஆசிய விளையாட்டு விழாவில், முப்பது வயதில், தொடரோட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றார். வேலை அவருக்குச் சோறு போட்டது. ஓட்டம் அவரை டோக்கியோவுக்குக் கொண்டு சென்றது. ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடவில்லை.

"அவர் தொழிலாளி, தாத்தா. எனக்குப் பரீட்சை இருக்கிறதே!" என்றேன். "அப்படியானால் படித்துக்கொண்டே ஓடியவன் எவனாவது இருக்கிறானா என்று நீயே தேடிப் பார்" என்றார் தாத்தா. கிடைக்கமாட்டான் என்ற நம்பிக்கையோடு தேடினேன். ஆனால் கிடைத்துவிட்டார்! அவரும் ஒரு தமிழர்.

பெயர் மணி ஜெகதீசன். மலேயாவில் 1943-இல் பிறந்தவர். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடியபோது அவருக்கு வயது பதினாறு. நம் மில்கா சிங் பதக்கத்தை நூலிழையில் இழந்து நான்காவதாக வந்தாரே, அதே பந்தயத்தின் தொடக்கச் சுற்றில்தான் இந்தப் பள்ளிச் சிறுவனும் ஓடினான். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விழாவில் 200 மீட்டரில் தங்கம் வென்றார். பிறகு சிங்கப்பூர்ப் பல்கலைக் கழகத்தில் மருத்துவம் படித்தார். படித்துக்கொண்டிருந்தபோதே 1964-இல் டோக்கியோ சென்று 200 மீட்டரில் அரையிறுதியில் ஓடினார். 1966-இல் பாங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், நால்வர் தொடரோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் பெற்றார். 'பறக்கும் டாக்டர்' என்று அவரை அழைத்தார்கள்.

மருத்துவப் பட்டத்தோடு 1968-இல் மெக்சிகோ நகரத்துக்குப் போனார். 200 மீட்டர் அரையிறுதியை 20.92 வினாடியில் ஓடினார். இறுதிப் போட்டிக்குத் தகுதி கிடைக்கவில்லை. அங்கே தங்கம் வென்ற டாமி ஸ்மித்தின் நேரம் 19.83 வினாடி. இடைவெளி ஒரு வினாடிக்குச் சற்றே அதிகம். தரையில் அளந்தால் பத்து மீட்டருக்கு மேல் வரும். ஆயினும் அந்த 20.92 மலேசியாவின் சாதனையாக 49 ஆண்டுகள் நின்றது. 2017-இல்தான் அதை வேறொருவர் முறியடித்தார். ஜெகதீசனோ பந்தயங்களை விட்டபின் மருத்துவ ஆராய்ச்சியில் இறங்கி, கோலாலம்பூரிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகவும் உயர்ந்தார்.

மூன்று முறை ஒலிம்பிக் சென்றும் இறுதிப் போட்டியில் ஓடாதவரை ஏன் இவ்வளவு பாராட்ட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நான் பாராட்டுவது பதக்கத்துக்காக அல்ல. பந்தய முடிவுகளின் பட்டியலை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பெயர் இருக்கும், நாடு இருக்கும், நேரம் இருக்கும். காரணம் எழுத அங்கே இடம் கிடையாது. 20.92-க்குப் பக்கத்தில் 'மருத்துவம் படித்தவர்' என்று யாரும் குறித்து வைக்கவில்லை. மதிப்பெண் பட்டியலும் அப்படித்தானே? என் கணித மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் 'இவன் ஓடுகிறவன்' என்று எந்தப் பல்கலைக் கழகமும் அச்சடித்துத் தரப்போவதில்லை.

அன்றிரவு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். நாளுக்கு ஒன்றரை மணியாக வாரத்துக்கு ஐந்து நாள் பயிற்சி. ஆக ஏழரை மணி நேரம். வாரத்தில் இருப்பதோ 168 மணி நேரம். உறக்கம், வகுப்பு, சாப்பாடு, பேருந்துப் பயணம் எல்லாம் கழித்தும் முப்பது மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியது. அதில் படிப்புக்குக் கொடுத்தது எவ்வளவு என்று நேர்மையாக எழுதினேன். எழுதியதை இங்கே வெளியிட வெட்கமாக இருக்கிறது. மிச்சத்தைத் தேநீர்க் கடைப் பெஞ்சும் கைப்பேசியும் பங்கிட்டுக்கொண்டிருந்தன. படிப்பைக் கெடுத்தது ஓட்டமன்று; ஓட்டத்தைக் கெடுத்ததும் படிப்பன்று. இரண்டையும் ஒன்றுக்கொன்று சாக்காக நிறுத்திவிட்டு நடுவே நான் சும்மா இருந்திருக்கிறேன்.

அந்தத் தாளை அப்பாவிடம் காட்டினேன். முழுவதும் படித்தார். "நீ ஓடுவதில் எனக்கு வருத்தமில்லை. தோற்றதற்கு ஓட்டத்தின் மேல் பழி போட்டாய் பார், அதுதான் பொறுக்கவில்லை" என்றார். மறுநாள் காலை, இடுப்பு தளர்ந்து கிடந்த என் ஓட்டக் கால்சட்டை புதிய நாடாவோடு கொடியில் தொங்கியது.

நண்பர்களே, நம்மில் எல்லோருமா ஜெகதீசன் ஆகிவிடப் போகிறோம்? எனக்கு அந்தக் கால்கள் இல்லை என்பதை அந்த ஐந்தாம் இடமே சொல்லிவிட்டது. ஓடுகிறவர்கள் மட்டுமல்ல, நாடகம் போடுகிறவர்களும் சங்க வேலை பார்க்கிறவர்களும் இப்படி ஒரு தாளில் தம் வாரத்தை எழுதிப் பார்க்கலாம்.

தோற்ற பாடத்தை வரும் பருவத்தில் மீண்டும் எழுதுகிறேன். முடிவு எப்படியிருந்தாலும் காரணம் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். காலை ஓட்டம் நிற்கவில்லை. நேற்றும் பாட்டி கேட்டார், "ஏம்பா, உன்னை யார் துரத்துகிறார்கள்?" என்று.

"கணக்குப் பரீட்சை, பாட்டி!" என்றேன்.

"அப்படியானால் இன்னும் வேகமாக ஓடு!" என்றார்.