வைக்கோல், சுள்ளி, கட்டை

என் கையில் முதன்முதலாக ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்தவர் மாஸ்டர். பட்டாளத்தில் நானூறு மீட்டர் ஓடிவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். ஒரு பையனை முந்நூறு ஓடவிட்டு என்னை நேரம் பார்க்கச் சொன்னார். அவன் கிளம்பியதும் அமுக்கினேன். கோட்டைத் தாண்டியதும் நிறுத்தி, "நாப்பத்து மூணு மாஸ்டர்" என்றேன்.

"சரி. இப்ப எத்தனை?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"ஓடினது எவ்வளவுன்னு டீக்கடைக்காரன்கூடப் பார்த்துச் சொல்லிருவான் தம்பி. அவன் நின்னு எவ்வளவு நேரமாச்சு? அதைப் பார்க்கத்தான் உன் கையில வாட்ச்."

இருபத்தேழு வருடமாக சிவகங்கைப் பக்கம் ஒரு மண் ட்ராக்கில் பிள்ளைகளை ஓடவைத்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் ஓடியவர்களில் சிலர் போலீஸில், சிலர் ராணுவத்தில், சிலர் ரயில்வேயில் இருக்கிறார்கள். விசிலும் வாட்ச்சுமாக இந்த வேலைக்கு வர நினைக்கிற இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓடுகிற உடம்புக்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது, எப்படிச் செலவாகிறது என்பதை நான் தப்புப் பண்ணிப் பண்ணித்தான் கற்றுக்கொண்டேன்.

மாஸ்டர் நெல் அவிக்கிற அடுப்பை வைத்துத்தான் பாடம் சொல்வார். வைக்கோலைப் போட்டால் பக்கென்று பற்றி, மூச்சு விடுவதற்குள் அடங்கிவிடும். சுள்ளி நன்றாக எரியும், ஆனால் நின்று எரியாது. கட்டை பிடிக்க நேரமாகும். பிடித்துவிட்டால் விடிய விடிய நிற்கும். உடம்புக்குள்ளும் இந்த மூன்றும் உண்டு என்பார். பின்னால் பாட்டியாலாவுக்கு ஆறு வாரச் சான்றிதழ் பயிற்சிக்குப் போனபோது இவற்றுக்கெல்லாம் பெயர் கிடைத்தது. தசை சுருங்க வேண்டுமானால் அதற்கு ஏ.டி.பி. வேண்டும், வேறு எதையும் அது நேராக வாங்கிக்கொள்ளாது. அந்தச் சரக்கோ உடம்பு முழுக்கச் சேர்த்தாலும் நூறு கிராம் தேறினால் அதிகம். முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மூன்று வினாடிக்குக் காணும். ஆகவே செலவழிக்கச் செலவழிக்க அதை உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி உண்டாக்குகிற மூன்று வழிகளைத்தான் மாஸ்டர் வைக்கோல், சுள்ளி, கட்டை என்றார்.

முதலில் வைக்கோல். கிரியேட்டின் பாஸ்பேட் என்று அதற்குப் பெயர். தசைக்குள்ளேயே இருக்கிறது, மூச்சுக் காற்றுக்குக் காத்திருப்பதில்லை. ஸ்டார்ட்டில் துப்பாக்கி வெடித்ததும் குதிரை மாதிரிப் பாய வைப்பது அதுதான். முழு வேகத்தில் பத்து வினாடிக்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நின்றால் அரை நிமிடத்தில் பாதி திரும்பும். முக்கால்வாசிக்கு மேல் நிரம்ப மூன்று நான்கு நிமிடம் பிடிக்கும்.

இந்தக் கடைசிக் கணக்குத் தெரியாமல் நான் இரண்டு வருடம் பிள்ளைகளைக் கெடுத்தேன். வேகம் வரட்டும் என்று அறுபது மீட்டர் பத்துத் தடவை. நடந்து திரும்பி வந்ததும் மறுபடி விசில். எல்லாருக்கும் நாக்குத் தள்ளும், எனக்கு மனசு நிறையும். வேகம் மட்டும் வரவேயில்லை. ஒரு நாள் மாஸ்டர் வந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தார். நாலாவது ஓட்டம் முடிந்ததும் கூப்பிட்டார். "ஏம்ப்பா, வைக்கோலே இல்லாத அடுப்புல ஊதாங்குழலை வச்சு ஊதிக்கிட்டு இருக்கியே" என்றார். மெதுவாக ஓடத்தான் அவர்களைப் பழக்கிக்கொண்டிருந்தேன். இன்று அறுபது மீட்டர் என்றால் ஐந்து, மிஞ்சினால் ஆறு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நான்கு நிமிடம். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அந்த நான்கு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாது, குதிப்பார்கள். ஸ்பைக்ஸ் கயிற்றை முழுக்க அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்வேன். மாஸ்டர் சொல்லிக்கொடுத்த தந்திரம் அது.

அடுத்தது சுள்ளி. தசையில் சேர்த்து வைத்த சர்க்கரை, அதாவது கிளைக்கோஜன், காற்றுக்குக் காத்திராமல் வேகமாக உடைவது. விளைச்சல் குறைவுதான். ஒரு குளுக்கோஸை இப்படி உடைத்தால் கைக்கு வருவது இரண்டு ஏ.டி.பி.; அதையே பிராணவாயுவோடு நிதானமாக எரித்தால் முப்பது வரும். ஆனாலும் அவசரத்துக்குச் சுள்ளிதான். நானூறு மீட்டர்க்காரனின் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

என்னிடம் ஒரு பையன் இருந்தான். இருநூறு மீட்டரை 23.4 வினாடியில் ஓடுவான். நானூறில் இறங்கினால் முதல் இருநூறை 23.8-இல் கடப்பான், கூட்டம் கைதட்டும். கடைசி வளைவு திரும்பும்போதே தோள் காதுக்கு ஏறிவிடும், தாடை இறுகும், முட்டி எழும்பாது. கடைசி நூறில் பாரம் இழுக்கிற எருமை மாதிரி வருவான். 54 வினாடி. "கால் கட்டிக்கிச்சு சார்" என்பான். சுள்ளியை வேகமாகத் திணிக்கத் திணிக்கத் தசைக்குள் அமிலம் ஏறுகிறது, உடைந்த பாஸ்பேட் சேர்கிறது, நார்கள் சுருங்க மறுக்கின்றன. அதைத்தான் அவன் கட்டிக்கிச்சு என்றான். நானோ மனவுறுதி போதாது என்று திட்டினேன். வெறும் மனவுறுதிக்காக அவனை முந்நூறு மீட்டர் ஆறு தடவை ஓடவிட்டேன். மரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். நல்ல பயிற்சி என்று எனக்கு அன்று பெருமை. மாஸ்டருக்குத் தெரிந்தபோது இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் பையனை ட்ராக்கில் நடத்திக்கொண்டு போனார். ஐம்பது மீட்டருக்கு ஒரு செங்கல் வைத்து, இந்தச் செங்கல்லுக்கு இத்தனையாவது வினாடியில் வா என்று விசிலடித்துப் பழக்கினார். சீக்கிரம் வந்தால் திட்டு, பிந்தினால் திட்டில்லை. ஆறு வாரத்தில் முதல் இருநூறு 24.6, பின் இருநூறு 26.7 என்று வந்தது. கூட்டினால் 51.3. கால் அதே கால்தான், செலவழிக்கிற விதம் மாறியிருந்தது. நானூறு ஓடுகிறவன் தன் இருநூறு மீட்டர் நேரத்தைவிட ஒரு வினாடியாவது பிந்தித்தான் பாதி தூரத்தைக் கடக்க வேண்டும் என்பதை அந்தச் செங்கல்களில்தான் கற்றேன்.

இங்கே என்னுடைய நெடுநாள் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். வைக்கோல் தீர்ந்த பிறகு சுள்ளி, சுள்ளி தீர்ந்த பிறகு கட்டை என்று வண்டி கியர் மாற்றுவதுபோலப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். அது சரியில்லை. மூன்றும் முதல் அடியிலேயே பற்றிக்கொள்கின்றன. எது எவ்வளவு எரிகிறது என்பதுதான் மாறுகிறது. நானூறு மீட்டரில்கூட ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு பிராணவாயு போட்ட சோறு. எண்ணூறில் பாதிக்கும் மேல். இது தெரிந்த பிறகுதான் நானூறு ஓடுகிற பிள்ளைகளையும் கண்மாய்க் கரையில் மெதுவோட்டம் ஓடவிட ஆரம்பித்தேன்.

இன்னொன்று லாக்டிக் அமிலம். சுள்ளி எரிந்து மிஞ்சுவதை நானும் வெகுகாலம் புகை என்றே நினைத்திருந்தேன். மறுநாள் தொடை வலித்தால் "லாக்டிக் இன்னும் இறங்கல சார்" என்று பிள்ளைகள் சொல்ல, நானும் தலையாட்டியிருக்கிறேன். தசையில் மிஞ்சுகிற லாக்டேட் புகையல்ல, கரி. நம் ஊர் இஸ்திரிக்காரர் அடுப்புக் கரியை வாங்கிப் போய்ப் பெட்டியில் போட்டு மறுபடி எரிப்பதுபோல, ரத்தத்தில் கலந்த லாக்டேட்டை இதயம் எரிக்கிறது, பக்கத்துத் தசை நார்கள் எரிக்கின்றன. ஈரல் அதை மறுபடி சர்க்கரையாக்கி அனுப்புகிறது. ஈரல் செய்கிற இந்த வேலையைக் கண்டு சொன்ன கோரி தம்பதிக்கு 1947-இல் நோபல் பரிசு கிடைத்தது. கடும் ஓட்டத்துக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் லாக்டேட் பழைய அளவுக்கு வந்துவிடும். ஓடி முடித்தவன் படுத்துவிடாமல் பத்து நிமிடம் மெல்ல ஓடினால் இன்னும் சீக்கிரம் இறங்கும். கரியை வாங்கி எரிக்க அங்கே தசைகள் வேலையில் இருக்கின்றன.

அப்படியானால் மறுநாள் வலி எதனால்? ஒரு தடவை பிள்ளைகளைக் கண்மாய்க் கரைச் சரிவில் மேலிருந்து கீழே ஓடவிட்டேன். ஓடும்போது ஒருவனுக்கும் மூச்சு வாங்கவில்லை; லாக்டேட் ஏறியிருக்க வழியேயில்லை. மறுநாள் ஒருத்தராலும் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. அதில் நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. ஒன்றிரண்டு நாள் கழித்து உச்சத்துக்கு வருகிற வலி அதனால்தான். அதற்கு மருந்து பொறுமை.

கட்டைக்கு வருவோம். இது மூச்சுக் காற்றோடு, தசைக்குள் இருக்கிற மைட்டோகாண்ட்ரியாவில், சர்க்கரையையும் கொழுப்பையும் எரிப்பது. முழுதாகப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். வார்ம்-அப் செய்யச் சொல்வதில் ஒரு பாதிக் காரணம் இது. வெறும் உடம்போடு கோட்டில் நிற்பவனுக்குக் கட்டை பிடிப்பதற்குள் ஓட்டமே முடிந்துவிடும். கட்டை அடுப்பைப் பெரிதாக்க மெதுவோட்டம்தான் வழி. மாதக்கணக்கில் ஓடினால் மைட்டோகாண்ட்ரியா பெருகும், தசையைச் சுற்றி நுண்ரத்தக் குழாய்கள் கூடும். பிள்ளைகளுக்கு இது பிடிக்காது. மெதுவோட்டம் என்று அனுப்பினால் கரை மறைந்ததும் பந்தயம் வைத்துக்கொள்வார்கள். அதைக் கண்டுபிடிக்க மாஸ்டரிடம் ஒரு வழி இருந்தது. எதிரே சைக்கிளில் போய் நின்று, "உன் பேரு, அப்பா பேரு, ஊரு, தாலுகா... ஒரே மூச்சுல சொல்லு" என்பார். தாலுகா வரை வந்தால் சரியான வேகம். அப்பா பெயரில் மூச்சு அறுந்தால், "நடந்து போடா" என்பார். பல வருடம் கழித்து நெஞ்சில் பட்டை கட்டி நாடி எண்ணுகிற கருவி எங்கள் மைதானத்துக்கும் வந்தது. தாலுகா சொன்னவர்களைத்தான் அதுவும் சரி என்றது.

சாப்பாட்டிலும் சறுக்கியிருக்கிறேன். காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றோடு வந்த ஒரு பெண் பிள்ளை, ஒன்றரை மணி நேரப் பயிற்சியின் முடிவில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். தசையில் சர்க்கரை இருந்திருக்கும். ஆனால் ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுக்கிற ஈரலின் இருப்பு ராத்திரித் தூக்கத்திலேயே கரைந்துவிடுகிறது. மூளை அதை நம்பித்தான் இருக்கிறது. அன்றிலிருந்து என் பையில் வாழைப்பழம் இல்லாத நாள் கிடையாது. போட்டியன்று அப்பாமார் தூக்குவாளியில் கறிக்குழம்பு கொண்டுவருவார்கள், பிள்ளைக்குத் தெம்பு வேண்டுமே என்று. "அண்ணே, கறியை நாளைக்குக் கொடுங்க, சேதமான தசையைக் கட்ட உதவும். இன்னைக்கு இட்லி போதும்" என்பேன். ஸ்டார்ட்டுக்கு முன் குளுக்கோஸ் பொடியை அள்ளி வாயில் போடுகிற பழக்கத்தையும் விடச் சொல்வேன். ஐம்பது வினாடி ஓட்டத்துக்கு வேண்டியது நேற்றைய சோற்றிலேயே தசைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

கடைசியாக வெயில். எரிகிற தெம்பில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்துதான் ஓட்டமாகிறது, மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற வியர்வை உலர வேண்டும். சொட்டிக் கீழே விழுகிற வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. எங்கள் பக்கம் காற்று வறண்டது, உலர்ந்துவிடும். ராமேஸ்வரத்துப் பிள்ளைகள் கடற்காற்றில் நனைந்து நிற்பார்கள். அவர்களுக்கு ஓட்டத்தில் ஒன்றைக் குறைப்பேன், ஓய்வில் ஒரு நிமிடம் கூட்டுவேன்.

போன மாதம் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். முதல் மூன்று வருட நோட்டுகளில் நேரம் மட்டும்தான் எழுதியிருக்கிறேன்: முந்நூறு மீட்டர், 43, 44, 44, 47. எந்த ஓய்வுக்குப் பிறகு அந்த 47 வந்தது, பையன் களைத்துப்போனானா, நான் அவசரப்பட்டு விசிலடித்தேனா என்று இன்று அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்த 47-க்காக யாரையோ திட்டியிருப்பேன் என்பது மட்டும் தெரிகிறது. நாலாவது வருட நோட்டில் ஒவ்வொரு நேரத்துக்குப் பக்கத்திலும் இன்னொரு எண் இருக்கிறது. நீங்கள் நோட்டு வாங்கினால் முதல் நாளே இரண்டு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.