கேட்பதற்கே ஒரு மனு

உயர் நீதிமன்றத்தில் தோற்றவர் டெல்லிக்கு வந்தவுடன் அப்பீல் போட்டுவிட முடியாது. அப்பீல் செய்ய அனுமதி கொடுங்கள் என்று முதலில் கேட்க வேண்டும். அரசியலமைப்பின் 136ஆவது பிரிவில் போடும் அந்த மனுதான் எஸ்.எல்.பி. கீழ் கோர்ட்டுகளில் அப்பீல் எழுதிப் பழகிய கையோடு டெல்லியில் ஓர் ஏ.ஓ.ஆரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். உச்ச நீதிமன்றத்தில் கட்சிக்காரருக்காக மனு தாக்கல் செய்வதற்குத் தனித் தேர்வு எழுதித் தேறியவர்கள் ஏ.ஓ.ஆர்.கள், மற்ற வக்கீல்கள் அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும்.

அப்பீல் எழுதி ஊறிய கைக்கு எஸ்.எல்.பி. லேசில் வராது என்பது சீனியரின் கட்சி. அப்பீலில் தீர்ப்பு தப்பு என்று காட்டினால் போதும். இங்கே அது போதாது. தப்பான தீர்ப்பு எத்தனையோ வருகிறது; இதை மட்டும் இந்த நீதிமன்றம் ஏன் எடுத்துப் பார்க்க வேண்டும்? விதிவிலக்கான சூழலில்தான் அனுமதி என்று 1950இலேயே பிரீதம் சிங் வழக்கில் சொல்லிவிட்டார்கள். எது விதிவிலக்கு என்று வரையறுக்கச் சொல்லி ஒரு வழக்கு அரசியல் சாசன அமர்வு வரை போனது. அந்த அதிகாரத்துக்கு வேலி போட மாட்டோம் என்று 2016இல் அமர்வு மறுத்துவிட்டது. ஆக, மனப்பாடம் செய்ய ஒரு பட்டியல்கூடக் கிடையாது. எனக்கு இது இன்றும் உறுத்தல்தான்.

சீனியர் உடனே என்னை எழுத விடவில்லை. பழைய கட்டுகளைக் கொடுத்து, சினாப்சிஸை மட்டும் படித்துவிட்டு, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் ஆகியிருக்குமா, டிஸ்மிஸ் ஆகியிருக்குமா என்று சொல்லச் சொன்னார். மனுவுக்கு முன்னால் வைக்கும் சுருக்கம்தான் சினாப்சிஸ். நீதிபதிகள் கட்டை முன்கூட்டியே படித்துவிட்டு உட்காருகிறார்கள். நாம் நின்று பேசக் கிடைப்பது சில நாள் இரண்டு நிமிடம்கூட இல்லை. வாதத்தில் முக்கால்வாசி அந்தச் சில பக்கங்களிலேயே முடிந்துவிடுகிறது.

ஒரு பாகப்பிரிவினை வழக்கு வந்தது. கீழே இரண்டு கோர்ட்டும் எங்கள் கட்சிக்காரர் பக்கம். உயர் நீதிமன்றம் இரண்டாம் அப்பீலில் அதைப் புரட்டியிருந்தது; ஆனால், முக்கியமான சட்டக் கேள்வி எதையும் வகுக்கவில்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100ஆவது பிரிவின்படி அந்தக் கேள்வி இல்லாமல் இரண்டாம் அப்பீலுக்கு உயிரே கிடையாது. கட்சிக்காரரோ அண்ணன் செய்த துரோகத்தை மத்தியானம் முழுக்கச் சொன்னார். சீனியர் குறுக்கிடாமல் கேட்டார். சினாப்சிஸில் முதல் பத்தி 100ஆவது பிரிவு. அண்ணன் ஒரு வரியில் முடிந்துபோனார்.

“சார், அவன் செஞ்சதை எழுதவே இல்லையே?”

“ஐயா, அதை மூணு கோர்ட் கேட்டாச்சு. இவங்க அதைக் கேட்க உட்காரலை.”

அதில் நோட்டீஸ் ஆனது. பின்னால் அனுமதியும் கிடைத்து, எஸ்.எல்.பி. எண் போய் சிவில் அப்பீல் எண் வந்தது.

மீதி வேலை பொறுமை சம்பந்தப்பட்டது. ஏ4 தாளில் இருபுறமும் அச்சு, தமிழ்ப் பத்திரங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு, ரிஜிஸ்ட்ரி குறித்து அனுப்பும் டிஃபெக்டுகள். கீழே தாக்கல் செய்யாத காகிதத்தை இங்கே சொருக முடியாது. வேண்டுமென்றால் தனி மனு போட்டுக் கேட்க வேண்டும். உயர் நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து 90 நாள் கெடு. தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் கணக்குச் சொல்ல நேரும். ஃபைல் மேசை மேசையாக நகர்ந்தது என்ற கதை அரசுக்கே எடுபடாது: 2012இல் அஞ்சல் துறையின் 427 நாள் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கவில்லை.

எழுதுவதைவிடக் கஷ்டம், டிஸ்மிஸ் ஆனதைக் கட்சிக்காரருக்கு விளக்குவது. பெரிய கோர்ட்டே நம்மைத் தப்பென்று சொல்லிவிட்டது என்று உடைந்துபோகிறார்கள். காரணம் எழுதாமல் தள்ளினால் அப்படிப் பொருள் இல்லை. குஞ்ஞம்மது வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே இது தெளிவாகிவிட்டது: அனுமதி மறுத்ததால் மட்டும் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதாக ஆகாது, தகுந்த காரணம் இருந்தால் உயர் நீதிமன்றத்திலேயே மறுஆய்வு கேட்கலாம். சீனியர் இதை ஃபோனில் சொல்வதில்லை. நேரில் வரச்சொல்லி, உட்காரவைத்துத்தான் சொல்வார். இப்போது அந்த வேலையை என்னிடம் விட்டிருக்கிறார்.