சிக்கரி இல்லாம ஒரு டம்ளர்... குப்பனூர் வழியா ஏற்காடு காபியைத் தேடி ஒரு பயணம்!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது எல்லோருக்கும் தெரிந்த வழி. இன்னொன்று, அயோத்தியாப்பட்டணம் தாண்டி அரூர் சாலையில் குப்பனூர் வரை போய், அங்கிருந்து மலையேறுவது. பிரதான சாலையில் மண் சரிந்தாலோ, கோடை விழாவுக்குக் கூட்டம் அலைமோதினாலோதான் பலருக்கும் இந்தக் குப்பனூர் ஞாபகமே வரும். ஆனால், காபிப் பிரியர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த வழியைத்தான்.

காரணம் சுலபம். காபி எங்கே ஆரம்பிக்கிறது என்பதை இந்தச் சாலையில் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த வெயில் அராபிகா காபிக்கு ஆகாது. சேர்வராயன் மலையில் அது விளைவது ஏறக்குறைய 900 மீட்டரிலிருந்து 1,500 மீட்டர் வரை. குப்பனூரில் கிளம்பும்போது கூடவே வரும் காய்ந்த புதர்க்காடு மெள்ள மெள்ளப் பச்சையாகும். கொட்டச்சேடு பக்கம் போகும்போது கார் கண்ணாடியை இறக்கிவிட்டால் காற்றே மாறியிருப்பது தெரியும். நெடுநெடுவென சில்வர் ஓக் மரங்கள், அவற்றைச் சுற்றிப் படர்ந்த மிளகுக் கொடிகள், நடுநடுவே பலா, ஆரஞ்சு, வாழை. இவற்றுக்கெல்லாம் கீழே, ஆள் உயரத்துக்கு வெட்டிவிடப்பட்ட, பளபளப்பான இலைகளோடு வரிசை வரிசையாக நிற்பதுதான் காபிச் செடி.

இவ்வளவு செடிகளுக்கு நடுவே ஏறி, ஏற்காடு ஏரிக்கரையில் இறங்கி, ஆசையாக ஒரு காபி சொன்னால் என்ன வரும்? பெரும்பாலும் பால், சர்க்கரை, சிக்கரி கலந்த ஏதோ ஒரு தூள். சேலம் பஸ் ஸ்டாண்டில் குடித்த அதே காபி! தப்பு கடைக்காரர்மீது இல்லை. இந்த மலையின் காபிக்கு ஒரு ருசி இருக்கிறது, ஊர் முழுக்கத் தெரிந்த ஒரு பெயர்தான் இல்லை.

அதற்கு ஒரு கதை இருக்கிறது.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்தவர் எம்.டி.காக்பர்ன். ஏற்காட்டில் காபியை அறிமுகப்படுத்தியவர் என்று வரலாறு அவரைத்தான் சொல்கிறது. இங்கே கிரேஞ்ச் எஸ்டேட் அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படும். பாபா புதன் என்ற சூஃபி ஞானி ஏமனிலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்ற கதையைக் காபி பிரியர்கள் கேட்டிருப்பார்கள். அந்த அளவுக்குச் சுவாரஸ்யம் இல்லை என்றாலும், ஏற்காட்டுக் காபிக்கும் 200 வருஷம் ஆகிவிட்டது. நம் வீடுகளுக்குள் காபி நுழைந்ததோ ரொம்பப் பின்னால். 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று ஆ.இரா.வேங்கடாசலபதி ஒரு புத்தகத்துக்கே பெயர் வைத்திருக்கிறார். பக்கத்து மலையில் விளைந்ததைச் சமவெளித் தமிழர்கள் அன்றாடம் குடிக்கவே பல தலைமுறைகள் ஆகியிருக்கின்றன!

அடுத்து வந்தது 1942-ம் ஆண்டின் காபிச் சட்டம். இரண்டாம் உலகப்போரால் ஏற்றுமதி படுத்துவிட்டது. விவசாயிகளைக் காப்பாற்ற அரசு ஓர் ஏற்பாடு செய்தது. விளைந்த காபியை எல்லாம் காபி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும், வாரியமே விற்றுப் பணம் தரும். அதற்குப் பெயர் 'பூல்' முறை. நஷ்டத்திலிருந்து அது காப்பாற்றியது உண்மை. ஆனால், குடகுக் கொட்டையும் ஏற்காட்டுக் கொட்டையும் ஒரே கணக்கில் போய்ச் சேர்ந்தன. பார்த்துப் பார்த்துப் பழுத்த பழமாகப் பறித்தவருக்குத் தன் தோட்டத்தின் பெயரைப் போட்டு விற்க வழியில்லை. 1990-களில் இந்தப் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, 1996-ல்தான் எல்லா விவசாயிகளும் தங்கள் காபி முழுவதையும் விரும்பிய இடத்தில் விற்கலாம் என்றானது. அரை நூற்றாண்டுக்கு மேல் பெயரில்லாமல் மலையிறங்கிய ஒரு பொருள், அதற்குப் பிறகுதான் சந்தையில் தன்னை அறிமுகம் செய்துகொள்ள ஆரம்பித்தது.

இன்றைக்குக் காபி வாரியம் தனிப்பெயர் கொடுத்து அடையாளப்படுத்தும் பகுதிகளில் தமிழ்நாட்டுக்கு நான்கு இடங்கள்: நீலகிரி, ஆனைமலை, பழனி மலை, சேர்வராயன் மலை. ஆனால், 2019-ல் குடகு, வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபா புதன்கிரி என ஐந்து காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அந்தப் பட்டியலில் நம் ஊர் மலை ஒன்றுகூட இல்லை. இந்தியக் காபியில் சுமார் 70 சதவிகிதம் கர்நாடகத்திலிருந்து வருகிறது. தமிழ்நாட்டின் பங்கு ஐந்தாறு சதவிகிதம்தான். அளவில் போட்டி போட முடியாது. ருசியைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

சரி, ருசி எப்படி? இங்கே அதிகம் தென்படும் ரகம் 'எஸ்.795'. சிக்மகளூர் மாவட்டம் பாலேஹொன்னூரில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்டது. காவேரி, செலக்‌ஷன் 9 ரகங்களும் உண்டு. சிக்கரி கலக்காமல், கறுக வறுக்காமல் எடுத்த எஸ்.795 டிகாக்‌ஷன், நாம் பழகிய காபிபோலக் கெட்டியாகக் கறுப்பாக இருக்காது. முதல் வாயில் 'என்ன இது, தண்ணியா இருக்கே' என்றுகூடத் தோன்றும். இரண்டாவது வாயில் மென்மையான ஒரு புளிப்பு, பிறகு லேசான இனிப்பு. பாலை அதிகமாக ஊற்றினால் இரண்டும் காணாமல் போய்விடும். பெங்களூரில் உள்ளூரிலேயே காய்ச்சும் கிராஃப்ட் பீரை ரகம் ரகமாகச் சுவைத்துப் பேச ஒரு கூட்டம் இருக்கிறதே, அந்த ரசனைக்குக் கொஞ்சமும் குறையாத விஷயம் இது. என்ன ஒன்று, இதைத் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்தும் குடிக்கலாம்!

அந்த ருசிக்குப் பின்னால் இருக்கும் வேலை சாதாரணமானதல்ல. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்ய வேண்டும். அதிலிருந்து பத்து நாள்களுக்குள் தோட்டமே வெள்ளை வெளேரென்று பூத்து, மல்லிகைபோல மணக்கும். அந்த மழை தவறினால் விளைச்சலும் தவறும். பூத்ததிலிருந்து பழுக்க எட்டு, ஒன்பது மாதங்கள். ஒரே கொத்தில் பச்சைக் காயும் சிவப்புப் பழமும் சேர்ந்தே இருக்கும் என்பதால், பழுத்ததை மட்டும் கையால்தான் பறிக்க வேண்டும். அதே செடிக்கு மறுபடி மறுபடி வர வேண்டும். தோலை உரித்து, ஊறவைத்து, கழுவி, களத்தில் காயவைத்தால், சுமார் ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை தேறும்.

இதற்கு நடுவில் ஒரு வில்லன், வெள்ளைத் தண்டுத் துளைப்பான். வெயில் படும் தண்டாகப் பார்த்து அந்த வண்டு முட்டையிடும். புழு உள்ளே குடைந்துகொண்டே போகும். பாதித்த செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் காபித் தோட்டத்தில் நிழல் மரம் என்பது அலங்காரம் அல்ல, காவல். மரத்தை வெட்டினால் செடிக்கு வெயில், வெயில் வந்தால் வண்டு. இது போதாதென்று காட்டெருமைகளும் தோட்டத்துக்குள் வந்துபோகும்.

2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அராபிகா விலை அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. விவசாயிக்குக் கொண்டாட்டம்தானே என்று தோன்றும். ஆனால், பிரேசிலில் மழை பெய்தால் ஏறிய விலை இறங்கிவிடும். பெயரில்லாத காபிக்கு நியூயார்க் சந்தை சொல்வதுதான் விலை. சொந்தப் பெயரில் விற்கும் காபிக்கு மட்டும்தான் கொஞ்சம் பேரம் பேசும் தெம்பு உண்டு. காபி கட்டுப்படியாகாத தோட்டத்துக்கு ரிசார்ட்டாகவோ பிளாட்டாகவோ மாறும் வாய்ப்பு எப்போதும் வாசலிலேயே நிற்கிறது. ஏற்காட்டின் குளுமைக்காகப் போகிறவர்கள் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். அந்தக் குளுமையில் இந்த நிழல் மரங்களுக்கும் பங்கு உண்டு.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். பூ பார்க்க ஆசை என்றால் கோடை மழைக்குப் பிறகு போக வேண்டும். ஆனால் அது இரண்டு மூன்று நாள் கூத்து, வாய்த்தால் அதிர்ஷ்டம். பழமும் அறுவடையும் பார்க்க நவம்பர் முதல் ஜனவரி வரை நல்ல நேரம். தோட்டங்கள் தனியாருடையவை, கேட்காமல் உள்ளே போகக் கூடாது. கடையில் தூள் வாங்கும்போது மூன்று கேள்விகள் போதும்: 'இந்த மலையில் விளைந்ததா? எப்போது வறுத்தது? சிக்கரி எத்தனை சதவிகிதம்?' பாக்கெட் தூளாக இருந்தால் கடைசிக் கேள்விக்கு மேலேயே பதில் இருக்கும், அச்சிட வேண்டியது கட்டாயம். சிக்கரி கலந்த காபித்தூளில் காபி குறைந்தது 51 சதவிகிதமாவது இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியென்றால், கிட்டத்தட்ட பாதி சிக்கரியாகவே இருந்தாலும் சட்டப்படி அது குற்றமில்லை!

'பீபெர்ரி' என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். வழக்கமாகப் பழத்துக்குள் தட்டையாக இரண்டு கொட்டைகள் இருக்கும். சிலவற்றில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளைந்துவிடும், அதுதான் பீபெர்ரி. 'பிளான்டேஷன்' என்றால் தோலுரித்துக் கழுவிக் காயவைத்த அராபிகா. 'செர்ரி' என்றால் பழத்தோடு அப்படியே காயவைத்தது. முதல் முறை வாங்குகிறவர்கள் பிளான்டேஷனில் ஆரம்பிப்பது நல்லது. வீட்டில் மிக்ஸி இருந்தால் கொட்டையாகவே கால் கிலோ போதும். அரைத்த தூளின் வாசனை சில நாள்களில் போய்விடும். கொட்டை இன்னும் சில வாரங்கள் தாங்கும்.

திரும்பும்போதும் குப்பனூர் வழிதான் என்றால், இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். பனி இறங்கிவிட்டால் எதிரே வரும் வண்டியும் தெரியாது, காபிச் செடியும் தெரியாது.