மசக்கை பார்க்கப் பழகுதல்

துணைச் செவிலியர் பாடத்தில் மசக்கைக்குக் கிடைக்கிற இடம் சொற்பம். ரத்தப்போக்கு, வலிப்பு, ரத்தசோகை என்று உயிரை எடுக்கிற சங்கதிகளுக்கு நடுவே, கர்ப்பகாலச் சிறு உபாதைகள் என்ற தலைப்பின் கீழ் அது ஒதுங்கி நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடச் சொல்லவும், எண்ணெயும் காரமும் குறைக்கச் சொல்லவும், காலையில் எழுமுன் ரொட்டியோ பிஸ்கட்டோ கடிக்கச் சொல்லவும். பரீட்சைக்கு இவ்வளவு போதும். களப்பயிற்சிக்காகக் கொல்லிமலை ஏறி, வாழவந்திநாட்டுப் பக்கம் மூத்த கிராம சுகாதார செவிலியர் ஒருவருக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்ததும், அந்தத் தலைப்பை வைத்தவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

மலைக்கு அவர் நர்சம்மா. எனக்கு அக்கா.

வாந்தி என்று ஒரு பெண் சொன்னால், நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்கத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அக்கா அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார். அவருடைய முதல் கேள்வி, “கடைசியா எப்பக் கண்ணு ஒண்ணுக்குப் போன?” அடுத்தது, “என்ன நெறமா இருந்துச்சு?” தடவைக் கணக்கை நம்ப முடியாது. வெறும் ஓங்கரிப்பையும் வாந்தியில் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. மாமியார் பக்கத்தில் நின்றால் பாதியாகக் குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. சிறுநீர் விஷயத்தில் கூட்டவோ குறைக்கவோ யாருக்கும் காரணம் இல்லை. ஐந்தாறு தடவை வாந்தி எடுத்தும் வெளிர் மஞ்சளாகப் போகிறவள் தாக்குப்பிடிக்கிறாள் என்று பொருள். இரண்டே தடவை எடுத்தவள், குடித்தால் திரும்பவும் வருமே என்று பயந்து தண்ணீரையே நிறுத்திவிட்டாள், விடிந்ததிலிருந்து போகவில்லை, நேற்றுப் போனது வரக்காப்பி நிறம் என்றால் அன்றைக்கே ஏதாவது செய்தாக வேண்டும்.

இந்த மலையில் தண்ணீரை நிறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மார்கழிப் பனியில், இருட்டில் எழுந்து வெளியே போக வேண்டுமே என்று சாயங்காலத்திலிருந்தே தொண்டையை நனைக்காமல் படுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நிறையத் தண்ணீர் குடி என்று சொல்லிவிட்டு வருவதில் பிரயோசனம் இல்லை. மதியத்துக்குள் குடித்து முடிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு செம்பு உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கையில் கொடுத்து, அரைமணிக்கு நாலு வாய் என்று பிரித்துச் சொல்வார் அக்கா. ஒரே மூச்சில் குடித்தால் வயிறு திருப்பி அனுப்பிவிடும்.

கேள்விக்குப் பிறகு பார்வை. நாக்கை நீட்டச் சொல்வது, புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டு அது எவ்வளவு நேரத்தில் படிகிறது என்று பார்ப்பது, உட்கார்ந்திருப்பவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கண் இருட்டுகிறதா என்று கேட்பது. அப்புறம் எடை. மண்தரையில் எடை மெஷின் ஒருநாள் ஒன்று காட்டும், மறுநாள் இன்னொன்று காட்டும். வாசலில் சமமான கல் பலகை தேடி, மெஷினை வைத்து, எடை தெரிந்த ஒரு பையை முதலில் ஏற்றிச் சரிபார்த்த பிறகுதான் ஆளை ஏறச் சொல்வார். இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும். கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் இறங்கினால் அது சாதாரண மசக்கை இல்லை, மருத்துவமனைக்குரிய கடும் வாந்தி. 45 கிலோ பெண்ணுக்கு அது வெறும் இரண்டேகால் கிலோ. கல் சாய்ந்திருந்தால் அதற்குள்ளேயே மறைந்துபோகும்.

எது மசக்கை இல்லை என்று தெரிவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. மசக்கை பெரும்பாலும் ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கும், ஒன்பது பத்தாவது வாரங்களில் உச்சத்துக்குப் போகும், பதினாறிலிருந்து இருபதுக்குள் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். பத்தில் ஏழெட்டுப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் வரும். ஆனால் பத்தாவது வாரம்வரை நன்றாக இருந்தவளுக்குத் திடீரென்று வாந்தி ஆரம்பித்தால் அதைக் கர்ப்பத்தின் கணக்கில் எழுதக் கூடாது. காய்ச்சல் இருக்கிறதா, வயிற்றில் ஓரிடத்தில் வலிக்கிறதா, நீர்க்கடுப்பு உண்டா, கண் மஞ்சளாக இருக்கிறதா என்று போக வேண்டும். வாந்தி அளவுக்கு மீறியிருந்தால் இரட்டைக் குழந்தையாக இருக்கலாம். அரிதாக, கரு வளராமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் திராட்சைக் கொத்துப்போலப் பெருகும் முத்துப்பிள்ளைக் கர்ப்பமாகவும் இருக்கலாம். ஸ்கேன் பார்க்காமல் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ‘மசக்கைதான், சரியாப் போயிடும்’ என்ற ஆறுதல்தான் கர்ப்பிணிக்குச் சொல்லப்படுவதிலேயே ஆபத்தானது என்பது என் அபிப்பிராயம். பத்தில் ஒன்பது முறை அது உண்மையாக இருப்பதால்தான் ஆபத்து.

இனி வாசனை. கொல்லிமலையில் ஆனி மாதம் பலாப்பழ மாதம். வீட்டுக்குள், திண்ணையில், சந்தைக்குப் போகிற ஜீப்பில், எங்கும் பழுத்த பலா. சமவெளிக்காரர்கள் அந்த மணத்துக்காகச் சோளக்காட்டுச் சந்தையில் வண்டியை நிறுத்துவார்கள். நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு அது நரகம். பழத்தை வீட்டில் வைக்காதே என்று யாரிடம் சொல்வது, வருமானமே அதுதானே. அக்கா சண்டை போடவில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, பழத்தைக் கொட்டகையின் மறுபுறம் அடுக்கச் சொன்னார். அடுப்புப் புகையும் தாளிப்பும் ஒத்துக்கொள்ளாதவளுக்குச் சில வாரம் அடுப்படி வேலையை மாற்றிக் கொடுக்கச் சொல்லி மாமியாரிடம் பேசுவார். உத்தரவாக அல்ல. “நீங்க ஆக்கிப் போட்டாத்தான் அவ ரெண்டு வாய் திங்கிறாளாம்” என்று ஆரம்பிப்பார். அது முழுப் பொய்யும் இல்லை. சமைத்தவளுக்கே அந்தச் சோற்றைக் கண்டால் குமட்டும். அடுத்தவர் கையால் ஆறிய சோறாக வந்தால் இறங்கும். ஆறிய உணவில் ஆவி இல்லை, மணம் குறைவு.

சாப்பாட்டில் அவர் சட்டம் எதுவும் போடமாட்டார். இந்த மலையின் பழைய உணவு சாமைச்சோறும் கேழ்வரகுக் களியும். சேகோ ஆலைகளுக்காகக் குச்சிக்கிழங்கு வயலைப் பிடித்துக்கொண்டதாலும், ரேஷன் அரிசி வந்ததாலும் சிறுதானியங்கள் ஒதுங்கிப்போயின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து அவற்றை மீட்க இங்கே வேலை செய்திருக்கிறது. படித்துவிட்டு வந்த உற்சாகத்தில் எல்லாக் கர்ப்பிணிக்கும் களி சாப்பிடச் சொல்ல எனக்கு வாய் துறுதுறுக்கும். அக்கா தடுத்துவிடுவார். முதல் மூன்று மாதத்தில் எது உள்ளே தங்குகிறதோ அதுதான் சத்துணவு. ஜவ்வரிசிக் கஞ்சிதான் தங்குகிறது என்றால் அது. உப்புப் போட்ட பொரிதான் என்றால் அது. பொரியையும் வறுத்த கடலையையும் ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொண்டு, கண் விழித்ததும் படுத்தபடியே ஒரு கைப்பிடி மென்று, கால்மணி கழித்து எழ வேண்டும். வெறும் வயிற்றில் குமட்டல் கூடும் என்பதால் இந்த வழி. பாடத்தில் இருந்த பிஸ்கட்டின் வேலையைத்தான் பொரி செய்கிறது. அன்னாசி சூடு, கரு கலைந்துவிடும் என்று மாமியார்கள் சொன்னால், அக்கா வாதாடாமல் நெல்லிக்காய்க்கும் நார்த்தங்காய்க்கும் தாவிவிடுவார். தோட்டத்தில் இஞ்சி கிடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்பு வழிகாட்டியிலேயே இஞ்சி உண்டு. ஆனால் சுக்குக் கஷாயத்தைக் காரமாகக் காய்ச்சி வெறும் வயிற்றில் ஊற்றினால் நெஞ்சு எரியும். எனவே இளஞ்சூட்டில், நீர்த்துப்போக, கொஞ்சமாக.

நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் மலச்சிக்கலும் மசக்கையோடு கூடவே வருபவை, அதிகம் பேசப்படாதவை. கர்ப்பத்தில் கூடும் புரோஜெஸ்டிரான் கருப்பையைத் தளர்த்தி வைப்பதுடன் குடலையும் இரைப்பையின் மேல்வாயையும் சேர்த்தே தளர்த்திவிடுகிறது. தின்றது மெதுவாக நகர்கிறது, அமிலம் மேலே எதுக்களிக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டை நேரத்தோடு முடித்து, தலைப்பக்கம் உயர்த்தி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் பாதி குறையும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற பழக்கத்தை மட்டும் அக்கா அனுமதிக்கவே மாட்டார். அத்தனை உப்புச்சத்து கர்ப்பிணிக்கு ஆகாது.

சில வீடுகளில் அடுப்புச் சாம்பல், சுவர் மண், பச்சரிசி தின்பார்கள். கேட்டால் இல்லை என்பார்கள். சுவரில் விரல் அளவுக்குச் சுரண்டிய தடம் இருக்கும். புறநானூற்றின் இருபதாவது பாடல், சேரன் ஒருவனைப் புகழ, அவன் நாட்டு மண்ணைக் கர்ப்பிணிகள் ஆசைப்பட்டு உண்பார்களே தவிரப் பகைவர் உண்ண முடியாது என்கிறது. ஈராயிரம் ஆண்டாகத் தெரிந்த பழக்கம். புலவருக்குப் பெருமை, எங்களுக்கு ரத்தப் பரிசோதனை. மண் தின்னும் ஆசைக்குப் பின்னால் பல நேரம் ரத்தசோகை இருக்கும், மண்ணோடு குடற்புழுவும் போகும். திட்டினால் ஒளித்துத் தின்பார்கள். அதனால் அக்கா திட்டுவதில்லை, ஹீமோகுளோபின் பார்த்துவிட்டுப் பேசுவார்.

மாத்திரை என்றால் இங்கே பயம். கருவுக்கு ஆகாது என்பார்கள். உலகம் பட்ட பாட்டை நினைத்தால் அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடமைடு, குமட்டலுக்காகவும் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு, 1961இல் திரும்பப் பெறப்பட்டது; அதனால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தன. அந்த நிழல் நல்ல மருந்தின் மேலும் விழுந்தது. டாக்ஸிலமினும் வைட்டமின் பி6ம் சேர்ந்த மாத்திரையை அமெரிக்க நிறுவனம் வழக்குகளுக்குப் பயந்து 1983இல் நிறுத்தியது. குறை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் கிடைக்காமல், 2013இல் அதே சேர்க்கைக்கு அந்நாட்டு அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. இன்று நம் மருத்துவர்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் இதைத்தான். தூக்கம் வரும் என்பதால் இரவில். இந்தக் கதையை அக்கா வீடுகளில் சொல்வதில்லை. “டாக்டரைப் பாக்கலாம், அவர் எழுதினா நான் பக்கத்துல இருந்து தர்றேன்” என்பதோடு சரி.

மனசு சரியில்லாததால்தான் வாந்தி, குழந்தை வேண்டாம் என்று உள்ளுக்குள் நினைக்கிறாள் என்றெல்லாம் போன நூற்றாண்டில் மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு வேறு கதை சொன்னது. கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஓராஹிலியும், கடும் வாந்தியால் தன் கருவையே இழந்த மார்லினா ஃபெய்சோவும் அதில் இருந்தார்கள். கருவும் நஞ்சுக்கொடியும் ஜிடிஎஃப்15 என்ற புரதத்தைத் தாயின் ரத்தத்தில் விடுகின்றன. கர்ப்பத்துக்கு முன் அந்தப் புரதம் குறைவாக இருந்து பழகிய உடம்பு திடீரென்று கூடும்போது தாங்காமல் குமட்டுகிறது. எப்போதுமே அது மிகுதியாக உள்ள பீட்டா தலசீமியா பெண்களுக்கு மசக்கை குறைவாக இருக்கிறது. இதை நான் போனில் படித்துச் சொன்னபோது அக்கா கொஞ்சநேரம் பேசவில்லை. “அப்ப அந்தப் புள்ளைங்கள நடிக்கிறான்னு சொன்னாங்களே, அவங்கெல்லாம் வந்து கேக்கணும் இத” என்றார்.

கீழே இறங்க வேண்டி வந்தால் எழுபது கொண்டை ஊசி வளைவு. மசக்கைக்காரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. ஸ்கேனுக்கு நாமக்கல் போகிறவளை முன் இருக்கையில் உட்காரவைத்து, கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன் பொரியோ இட்லியோ கொடுத்து, ஜன்னலைத் திறந்து, தூரத்தை மட்டும் பார்க்கச் சொல்லி அனுப்புவோம். ஒருத்தி சொட்டுத் தண்ணீர் தங்காமல், எழுந்தாலே சாய்கிற நிலையில் இருந்தாள். சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையில், பட்டினியைக் காட்டும் கீட்டோன் நிறம் அடர்ந்து வந்தது. 108 வரவழைத்துவிட்டு, அக்கா அனுப்புச்சீட்டில் எத்தனை நாளாக உணவு தங்கவில்லை என்பதைப் பெரிதாக எழுதி அடிக்கோடிட்டார். நீண்ட நாள் பட்டினி கிடந்தவளுக்கு வைட்டமின் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கலாம். ஏற்றுகிறவருக்கு அந்த நாள்கணக்கு தெரிந்தாக வேண்டும் என்று வண்டி போன பிறகு எனக்கு விளக்கினார்.

“நீ பெத்திருக்கியா?” என்று கேட்கிற பாட்டிகள் இருக்கிறார்கள். கல்யாணமே ஆகவில்லை என்றால் சிரிப்பார்கள். அக்கா எனக்காகப் பதில் சொல்வதில்லை. எடை மெஷினைக் கையில் கொடுத்துக் கல்லைத் தேடச் சொல்வார். நான் பதில் சொல்லத் தேவையில்லாதபடி அந்த வேலை முடிந்திருக்கும்.

நாலாம் மாதம் பிறந்து வாந்தி அடங்குகிற நேரத்தில் எங்கள் முறை. முதல் மூன்று மாதத்தில் வெறும் ஃபோலிக் அமிலம். இனி 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை, 180 நாள். சரியாகிக்கொண்டிருந்த வயிறு மறுபடி கெடும். குமட்டும், மலம் இறுகும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சைத் தண்ணீரோடு போட்டுக்கொள், கீரையும் கொய்யாவும் தின், டீயோடு மட்டும் சேர்க்காதே என்போம். மலம் கருப்பாகப் போகிறது என்று பயந்து ஓடிவருகிறவர்களிடம் அக்கா சந்தோஷமாக, “போகட்டும் கண்ணு, அப்பத்தான் முழுங்குறன்னு எனக்குத் தெரியும்” என்பார். தினமும் தவறாமல் போடுகிறேன், கருப்பெல்லாம் இல்லை, ஒரு தொந்தரவும் இல்லை என்று சொல்கிற வீட்டில்தான் அவர் திண்ணையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொல்வார்.