நெஞ்சு தாங்குமா?

உள்ளச் சோர்வால் உணவையும் வெறுத்த நம் பங்குத் தாய் ஒருவருக்கு மின்னதிர்வுச் சிகிச்சை வேண்டுமென்றார் மருத்துவர். "சுவாமி, அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு உண்டே, நெஞ்சு தாங்குமா?" என்று மகன் கலங்கினான். அறியாமையால், "சற்றுப் பொறுப்போம்" என்றோம். தாய் மேலும் மெலிந்தார்.

பின்னரே மருத்துவரை வினவினோம். மின்சாரம் பாய்ந்ததும் நாடி சிறிது தளரும். வலிப்பு தொடங்கியதும் துடிப்பும் இரத்த அழுத்தமும் விரைந்தேறி, சில நிமிடங்களில் தணியும். ஆதலின் அழுத்தத்தை முன்னரே சீராக்குவர். மயக்க மருந்தளித்து, கருவியால் இதயத்தைக் கண்காணிப்பர். மிகுந்து ஏறினால் எஸ்மலால், லபெட்டலால் போன்ற மருந்தை ஊசிவழி செலுத்துவர். மயக்க மருந்தின்றி இதனை அளிப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் தடுக்கிறது.

தாய் இசைந்தார். ஆறாம் முறைக்குப்பின் கஞ்சி கேட்டார். அன்பர்களே, கேட்டறியாத நம் அச்சமன்றோ அவரைப் பட்டினியில் வைத்தது!