மறைபொருளை அச்சிடுவோர்

நூல் என்பது பரவுவதற்காகவே பிறக்கிறது. பாடநூல் ஆக்கும் பணியில் ஈடுபட்டிருக்கும் எனக்கு இவ்வெண்ணம் மிகவும் அழுத்தமானது. கடைக்கோடிச் சிற்றூரில் பயிலும் ஒரு மாணவருக்குக்கூட நூல் கிடைக்காமற்போகக்கூடாது என்பதே எங்கள் கவலை. ஆனால், இதற்கு மாறான கவலையோடு நூல் வெளியிடுவோரும் உலகில் உள்ளனர். மாயவித்தைக் கலைஞர்களுக்காக நூல் பதிப்பிப்பவர்களே அவர்கள். அவர்கள் விற்கும் பொருள் மறைபொருள். அதை அச்சிடாவிட்டால் இளைய கலைஞர் கற்க வழியில்லை. அனைவரும் படித்துவிட்டாலோ பார்வையாளரின் வியப்பு குன்றிவிடும். இவ்விரண்டுக்கும் இடையே அவர்கள் எப்படித் தொழில் நடத்துகிறார்கள் என்னும் கேள்வி என்னை நெடுங்காலமாக ஈர்த்துவந்துள்ளது.

இக்கேள்விக்கு நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த ரெஜினால்டு ஸ்காட், 1584இல் சூனியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். சூனியக்காரிகள் என்று பழி சுமத்தப்பட்டு எளிய பெண்கள் தண்டிக்கப்பட்ட காலம் அது. அந்நம்பிக்கை பொய்யென்று காட்ட விரும்பிய ஸ்காட், வித்தைக்காரர் செய்யும் செயல்கள் வெறும் கைத்திறனே என்பதையும் விளக்கினார். நாவைத் துளைப்பதுபோலத் தோன்றும் ஊசி, மூக்கை அறுப்பதுபோலத் தோன்றும் கத்தி ஆகியவற்றின் அமைப்பைப் படம் வரைந்து காட்டினார். மூடநம்பிக்கையை ஒழிக்க எழுதப்பட்ட அந்நூலிலிருந்தே பின்வந்த வித்தை நூல்கள் பல செய்திகளை எடுத்துக்கொண்டன. அதே 1584இல் பிரான்சின் லியோன் நகரில் ழான் பிரெவோ எழுதிய வித்தை நூலும் வெளிவந்தது. அச்சுக்கலைக்கும் மாயவித்தைக்கும் உள்ள உறவு இவ்வாறு தொடங்கியது.

இலண்டனில் வழக்கறிஞராக இருந்த ஏஞ்சலோ லூயிஸ், ‘பேராசிரியர் ஹாஃப்மன்’ என்னும் புனைபெயரில் 1876இல் ‘மாடர்ன் மேஜிக்’ என்னும் நூலை எழுதினார். வித்தைகளைப் படிப்படியாக, கற்பிக்கும் முறையில் அவர் விளக்கியிருந்தார். மறைபொருள் கடைவீதிக்கு வந்துவிட்டால் கலை அழிந்துவிடும் என்று அஞ்சுவது இயல்பு. நடந்ததோ வேறு. ஆசிரியரின்றித் தவித்த பலருக்கு அந்நூல் ஆசிரியராயிற்று. 1902இல் சிகாகோவில் வெளியான எர்ட்னேஸ் என்பவரின் சீட்டுக்கட்டு நூலோ மேலும் வியப்பானது. நூறு படங்களுக்கு மேல் கொண்டு, விரலசைவு ஒவ்வொன்றையும் அந்நூல் கற்பிக்கிறது. அதை எழுதியவர் யார் என்பது மட்டும் இன்றுவரை ஐயமறத் தெளிவாகவில்லை. மறைபொருள்களை எல்லாம் வெளியிட்டவர் தம்மை மறைத்துக்கொண்டார்.

அச்சிட்ட பின்னரும் மறைபொருள் எவ்வாறு காக்கப்படுகிறது? விடையை என் கைகளே எனக்குக் கற்பித்தன. ஜே. பி. போபோ 1952இல் வெளியிட்ட நாணய வித்தை நூல் ஒன்று உண்டு. உள்ளங்கையின் இருபக்கத் தசைகளால் நாணயத்தைப் பற்றிக்கொண்டு, கை வெறுமையாக இருப்பதுபோலக் காட்டும் முறை அதில் உள்ளது. விளக்கத்தைப் படிக்கச் சில நிமிடங்களே ஆயின. நாணயம் கீழே விழாதிருக்கப் பல வாரங்கள் ஆயின. விரல்கள் விறைக்காமல் இயல்பாகத் தொங்கப் பல மாதங்கள் ஆயின. அப்போதும் என் கண்கள் அந்தக் கையையே நோக்கி என்னைக் காட்டிக்கொடுத்தன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியின் பொருளை அன்று முழுமையாக உணர்ந்தேன். படித்தறிவது வேறு, கைவரப்பெறுவது வேறு. மறைபொருளுக்குப் பூட்டாக அமைவது பயிற்சியே. நூல் கதவருகே கொண்டுபோய் நிறுத்துகிறது. உழைப்பவருக்கே கதவு திறக்கிறது.

நம் சித்தர்கள் மருத்துவ நுட்பங்களைப் பரிபாசைச் சொற்களில் பொதிந்து வைத்தனர். குருவின் துணையின்றி அவற்றின் பொருள் விளங்காது. மாயவித்தைப் பதிப்பாளர்களோ மொழியை மறைக்கவில்லை; விற்பனை முறையையே வேலியாக்கினர். குறைந்த படிகளை அச்சிட்டு, உயர்ந்த விலை வைத்து, வித்தைக் கருவிகள் விற்கும் கடைகளின் வழியாக விற்றனர். 1920களில் ஹார்லன் டார்பெல் பாடங்களை அஞ்சல்வழி அனுப்பிக் கற்பித்தார்; பின்னர் அவை நூல் தொகுதிகளாயின. வேடிக்கைக்காகக் கேட்பவர் விலையைக் கண்டதும் விலகிவிடுவார். கற்க விழைபவர் பொருள் சேர்த்து வாங்குவார்.

மின்னூல் இந்த வேலியைத் தளர்த்தியது. அதனால் விளைந்த நன்மைகள் பெரியவை. புகழ்பெற்ற ஹௌடினி 1926இல் மறைந்தபோது, அவருடைய தொகுப்பிலிருந்து ஏறத்தாழ 4000 நூல்கள் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்துக்குச் சென்றன. அத்தகைய அரிய நூல்களை ஒருகாலத்தில் நேரில் சென்றவர் மட்டுமே காண முடிந்தது. 2003இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட மாயவித்தைக் கலை ஆய்வு மையம், பழைய நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி, சொல்லைக் கொண்டு தேடும் வசதியை உருவாக்கியது. ஒரு வித்தையை முதலில் கண்டறிந்தவர் யார் என்பதை இன்று விரைவில் தேட முடிகிறது. அச்சில் இல்லாத நூல்கள் மீண்டும் உயிர்பெறுகின்றன. சொற்களால் விளக்கவியலாத கையசைவை மின்னூலோடு இணைந்த காணொளி காட்டிவிடுகிறது.

ஆயினும், மின்கோப்பைப் படியெடுக்க ஒரு நொடி போதும். ஒருவர் வாங்கிய நூல் மறுநாளே ஊரெங்கும் விலையின்றி உலவக்கூடும். வாங்குவோர் தொகை சிறிதாக உள்ள இத்துறையில், அவ்விழப்பு நேராக ஆசிரியரின் அடுப்பைத் தாக்குகிறது. இருபது ஆண்டுகள் மேடையில் செம்மை செய்த ஒரு நுட்பத்தை ஒருவர் எழுதுகிறார் என்றால், அவர் தம் வாழ்நாளின் ஒரு பகுதியை விற்கிறார் என்று பொருள். சில பதிப்பாளர்கள் மின்கோப்பில் வாங்கியவர் பெயரைப் பொறிக்கின்றனர். அது தடை அன்று; நினைவூட்டல்.

சட்டத்தின் துணையும் ஓரளவே கிட்டும். பதிப்புரிமை நூலின் சொற்களையும் படங்களையும் காக்குமேயன்றி, வித்தையின் வழிமுறையைக் காக்காது. அமெரிக்கக் கலைஞர் டெல்லர், மலரின் நிழலைக் கத்தியால் வெட்ட, உண்மையான மலரின் இதழ்கள் உதிரும் நிகழ்ச்சி ஒன்றைப் படைத்து, 1983இல் பதிப்புரிமை பதிவு செய்திருந்தார். வேறொருவர் அதைப் போலவே நிகழ்த்தி, அதன் மறைபொருளை விற்கவும் முன்வந்தார். வழக்கு 2014இல் டெல்லருக்குச் சாதகமாக முடிந்தது. நீதிமன்றம் காத்தது அந்நிகழ்ச்சியின் நாடக வடிவத்தையே. வித்தை என்ற அளவில் அதற்குப் பதிப்புரிமை இல்லை என்பதையும் அது தெளிவுபடுத்தியது.

சட்டம் நின்றுவிடும் இடத்தில் நாணயம் தொடங்க வேண்டும். கண்டறிந்தவர் பெயரைச் சொல்லுதல், வெளியிடப்படாததை எடுத்தாளும் முன் இசைவு பெறுதல், நூலை விலை கொடுத்து வாங்குதல் ஆகியவற்றை இத்துறையினர் அறமாகப் போற்றுகின்றனர். மாணவர்களே, உங்கள் கைப்பேசிக்கு விலையின்றி வந்து சேரும் நூல் எத்துறையினதாயினும், அதன் பின்னே ஒருவரின் உழைப்பு உண்டென்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்த உழைப்பு நூலாக நின்றால்தான் நாளை எஞ்சும். கிண்ணங்களின் கீழ் பந்துகளை மறையவும் தோன்றவும் செய்யும் கலைக்குச் ‘செப்பிடுவித்தை’ என்று அழகிய பெயர் வைத்தது தமிழ். செப்பு என்பது சிறு கிண்ணம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்து சென்று புகழ்பெற்ற வித்தைக்காரர் ராமோ சாமி. ராமசாமி என்னும் நமக்குப் பழகிய பெயரே அங்கு அவ்வாறு வழங்கியது. 1850இல் அவர் மறைந்தார். அவரைக் கண்டவர்கள் எழுதிய வியப்புரைகள் உள்ளன. அவர் விரல்கள் அறிந்தவை அவரோடு போயின. மாறாக, 1971இல் மறைந்த வங்கக் கலைஞர் பி. சி. சர்க்கார் வித்தையைப் பற்றி நூல்கள் பல எழுதினார். அவரைக் காணாதவரும் அவரிடம் இன்றும் கற்கலாம். தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்கு மட்டும் சென்ற கலை, மகன் வேறு தொழிலுக்குப் போனால் அவ்வளவில் முடிந்துவிடும். காகிதத்திலோ திரையிலோ எழுதிவைக்கப்பட்ட கலை, இன்னும் பிறவாத ஒரு மாணவருக்காகவும் காத்திருக்கும்.