பாலகாட்டில் ஒரு பகல்

காலை வேளையில் பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் இரயில் வண்டியில் இடம் தேடி அலைய வேண்டியதில்லை. எதிர்த் திசையில் வரும் வண்டிகளில்தான் நிற்கவும் இடமிராது. தங்கவயலின் ஆண்களும் பெண்களும் விடியுமுன் எழுந்து, சோற்றுப் பாத்திரத்தைக் கையிலெடுத்துக்கொண்டு, பிழைப்பை நாடிப் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகின்றனர். ஒரு காலத்தில் பிழைப்பை நாடிப் பிற ஊர் மக்கள் வந்து குவிந்த ஊர் இது. வட ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு வந்த நம் முன்னோர்கள் இங்கேதான் இறங்கினார்கள். அந்த நினைவோடு வண்டியின் பலகணி ஓரத்தில் அமர்ந்து, சென்ற மாதத்தில் ஒரு நாள் நாம் பாலகாட்டுக்குப் பயணமானோம்.

பயணத்திற்குக் காரணம் ஒரு கடிதம். சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் நம் சங்கத்துக்கு எழுதியிருந்தார். "என் பேத்தி டாக்டருக்குப் படிக்க விரும்புகிறாள். வெளிநாட்டில் ஒரு கல்லூரியில் இடம் தருவதாகச் சொல்கிறார்கள். பூகம்பத்தில் அடிபட்டு, இப்போது தேறி வரும் கல்லூரியாம். அனுப்பலாமா, கூடாதா? படித்தவர்கள் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்." இப்படிப்பட்ட கடிதத்திற்கு அஞ்சலில் விடை எழுதுவது முறையாகாது என்று தோன்றியது. ஆகவே நேரில் புறப்பட்டோம்.

பாலகாட் என்றதும் மத்தியப் பிரதேசத்து மாவட்டத்தை எண்ணிவிட வேண்டாம். நாம் சொல்வது கோலார் தங்கவயலின் பாலகாட். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்ற பெயர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய சுரங்கப் பகுதிகளுள் ஒன்று. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கவயலில் காலூன்றினர். 1902இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் இங்கு வந்தது. 1956இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் இம்மண்ணிலிருந்து வெளியேறியது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இப்போது எஞ்சி நிற்பவை துருவேறிய இரும்புக் கோபுரங்களும், வரிசை வரிசையான 'லைன்' வீடுகளும், பொன்னைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய சாம்பல் நிறத்துச் சயனைடு மேடுகளுமே. காற்று வீசும்போது அம்மேடுகளின் மெல்லிய தூள் வீட்டுக்குள் வந்து படிகிறது. நாம் அமர்ந்த நாற்காலியையும் பெரியவரின் மருமகள் முந்தானையால் துடைத்துவிட்டே போட்டார்.

பெரியவர் பேசும்போது நான்கு சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார். பாறையைத் துளைக்கும்போது எழும் தூசு ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் தங்கி அதை இறுகச் செய்யும் நோய்க்குச் சிலிகோசிஸ் என்று பெயர். அதைக் குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை. "இவள் டாக்டராக வேண்டும் என்று நினைத்தது இந்த மூச்சைக் கேட்டுத்தான், ஐயா" என்றார். பேத்தி தலை குனிந்து நின்றாள். நீட் தேர்வில் தகுதி பெற்றவள். ஆனால் அரசுக் கல்லூரியில் இடம் பெறுவதற்கு மதிப்பெண் போதவில்லை. கோலாரை அடுத்த தமகாவிலும், ஆந்திர எல்லைக்கு அப்பால் குப்பத்திலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கண்ணெதிரே இருந்தாலும் கட்டணம் கைக்கெட்டாத தொலைவில் இருக்கிறது.

இந்நிலையில்தான் முகவர் ஒருவர் வந்திருக்கிறார். கீழ்க்கடல் தீவு நாடொன்றில் உள்ள கல்லூரி அது. நில நடுக்கத்தில் சேதமுற்றதால் மாணவர் குறைந்திருக்கிறார்களாம். அதனால் கட்டணமும் குறைவாம். ஒரு வாரத்திற்குள் முன்பணம் கட்டினால் இடம் நிச்சயமாம். வீட்டில் இருந்ததோ நான்கு சவரன். டன் கணக்கில் பொன்னை வெட்டி மேலே அனுப்பிய குடும்பத்தில் அடகு வைக்க நான்கு சவரன்! அதையும் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தார்கள்.

இயற்கைச் சீற்றத்தில் அடிபட்ட கல்லூரி என்பதற்காக அதை ஒதுக்கிவிடுவது நியாயமன்று. அடிபட்டு எழுந்தவை உலகில் பல உண்டு. நாம் அறிந்த மூன்று வரலாறுகளைப் பெரியவருக்கு எடுத்துச் சொன்னோம். வாசக அன்பர்களுக்கும் அவை பயன்படும்.

முதலாவது நம் நாட்டுப் பூஜ் நகரத்து வரலாறு. தங்கவயல் மூடப்படுவதற்கு 33 நாட்களுக்கு முன், 2001 ஜனவரி 26ஆம் நாள், குடியரசு நாள் காலையில், கச்சுப் பகுதியில் பெரும் பூகம்பம் ஏற்பட்டது. பூஜ் நகரின் அரசு மருத்துவமனை இடிந்து விழுந்தது. காயமுற்றவர்களைக் காக்க வேண்டிய இடமே காயமுற்ற கொடுமை அது. ஆயினும் 2004இல் புதிய மருத்துவமனை எழுந்தது. நிலம் அதிர்ந்தாலும் கட்டடம் அதிகம் அதிராதபடி, இரப்பரும் ஈயமும் சேர்ந்த தாங்கிகளின் மீது அதை நிறுத்தியிருக்கிறார்கள். 2009இல் அம்மருத்துவமனையோடு இணைந்த மருத்துவக் கல்லூரியும் தொடங்கியது. முதலில் நோயாளிக்கு இடம், பின்னர் மாணவனுக்கு இடம் என்ற வரிசையை அன்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து வரலாறு. 2005 ஆகஸ்ட் 29ஆம் நாள் காத்ரீனா என்னும் புயல் அந்நகரை வெள்ளக்காடாக்கியது. டுலேன் பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவர்கள் ஹூஸ்டன் நகருக்குச் சென்று, அங்கிருந்த பேலர் மருத்துவக் கல்லூரியின் ஆதரவில் அவ்வாண்டுப் படிப்பைத் தொடர்ந்தார்கள். மறு ஆண்டு கல்லூரி ஊர் திரும்பியது. ஆனால் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் நோயாளிகளைக் கண்டு பயின்ற 'சாரிட்டி' என்னும் பெரிய மருத்துவமனை மீண்டும் திறக்கப்படவே இல்லை. அதன் இடத்தை நிரப்பும் புதிய மருத்துவமனை 2015இல்தான் திறக்கப்பட்டது. கல்லூரி திரும்புவது வேறு, மருத்துவமனை திரும்புவது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மூன்றாவது கரீபியக் கடலின் டொமினிக்காத் தீவில் நடந்தது. 2017 செப்டம்பர் 18ஆம் நாள் இரவு மரியா என்னும் சூறாவளி அத்தீவைச் சூறையாடியது. அங்கிருந்த ராஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி, முதலில் செயின்ட் கிட்ஸ் தீவில் நங்கூரமிட்ட ஒரு கப்பலில் வகுப்பு நடத்தியது. பின்னர் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திற்குச் சென்றது. இறுதியில் 2019 ஜனவரியில் பார்படாஸ் தீவில் நிலைகொண்டது. படிப்பு நிற்கவில்லை; அது பாராட்டுக்குரியதே. ஆனால் டொமினிக்காவுக்கு அப்பள்ளி திரும்பவில்லை.

"கப்பலில் பாடமா!" என்று வியந்த பேத்தி, "கல்லூரி இடம் மாறினால் நம் நாட்டில் பட்டம் செல்லுமா?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி அதுவேதான். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வகுத்த விதிகளின்படி, அயல்நாட்டில் படிப்போர் குறைந்தது 54 மாதங்கள் படிக்க வேண்டும். அதன்பின் 12 மாதப் பயிற்சி. படிப்பும் பயிற்சியும் முழுவதும் ஒரே கல்வி நிறுவனத்தில் நடந்திருக்க வேண்டும். பயிற்று மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். அந்நாட்டிலேயே மருத்துவம் புரிய உரிமம் பெறத்தக்க பட்டமாகவும் அது இருக்க வேண்டும். ஊர் திரும்பியபின் இந்தியத் தகுதித் தேர்வும், மேலும் 12 மாதப் பயிற்சியும் உண்டு. கல்லூரி இடிந்து, மாணவரை வேறு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால், 'ஒரே நிறுவனம்' என்ற விதிக்கு முன் மாணவர் என்ன செய்வார்? புயலுக்கும் பூகம்பத்திற்கும் விதியின் எழுத்து தானாக வளைந்து கொடுப்பதில்லை.

இவற்றையெல்லாம் பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஐயா, ஆழத்தில் பாறை வெடிக்கும். மேலே வீடெல்லாம் குலுங்கும். வெடித்த இடத்திற்கு மறுபடியும் நாங்கள் இறங்கித்தானே ஆக வேண்டும்? ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இறங்கமாட்டோம். மூன்று விஷயம் பார்ப்போம். காற்று வருகிறதா? முட்டு நிற்கிறதா? வெளியே வர வழி இருக்கிறதா? மூன்றும் இருந்தால் இறங்குவோம். ஒன்று இல்லையென்றாலும் மேஸ்திரி எவ்வளவு கூலி தருகிறேன் என்றாலும் கூண்டில் ஏறமாட்டோம்."

நாம் கொண்டுபோன வரலாறுகள் அத்தனையும் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிட்டன! காற்று என்பது நோயாளிகள். மருத்துவமனை திறந்திருக்கிறதா, படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நோயாளியைக் காணாமல் மருத்துவம் பயில்வது மூச்சின்றி உயிர்வாழ்வது போன்றது. முட்டு என்பது ஆசிரியர்கள். சீற்றத்திற்குப் பின் எத்தனை பேர் தங்கினார்கள், எத்தனை பேர் போய்விட்டார்கள் என்று கேட்க வேண்டும். வெளியே வரும் வழி என்பது சட்டம். அந்தப் பட்டத்தோடு இங்கே வந்து பதிவு செய்துகொள்ள முடியுமா, பயிற்சியும் அதே நிறுவனத்தில்தானா என்பதற்கு எழுத்தில் விடை வேண்டும்.

பேத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். முகவரிடம் கேட்பதில்லை, கல்லூரியிடமே நேராகக் கேட்பது என்று முடிவாயிற்று. மூன்று கேள்விகளையும் அவளே ஆங்கிலத்தில் எழுதினாள்; நாம் ஓரிரு சொற்களை மட்டும் திருத்தினோம். விடை வரும்வரை முன்பணம் இல்லை என்று பெரியவர் சொல்ல, மஞ்சள் துணி முடிச்சு மீண்டும் பெட்டிக்குள் போயிற்று. "வாரம் கழிந்தால் இடம் போய்விடுமே" என்று தாயார் கலங்கினார். "அவசரப்படுத்துகிறவன் மேலேயே நிற்பான், அம்மா. இறங்குவது நாம்தான்" என்றார் பெரியவர்.

மாலையில் பேத்தியின் துணையோடு ஊரைச் சுற்றிப் பார்த்தோம். சுரங்க நிறுவனத்தின் மருத்துவமனை பற்றி அவள் சொன்னாள். தொழிலாளர் குடும்பங்களுக்குத் தாய் வீடு போல் இருந்த அது, சுரங்கத்தோடு மூடப்பட்டு இருபது ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. 2021இல் பெருந்தொற்றின் இரண்டாம் அலை வீசியபோது, தன்னார்வத் தொண்டர்கள் திரண்டு வந்து, குப்பையை அகற்றி, கழுவித் துடைத்து, கோவிட் நோயாளிகளுக்கான சிகிச்சை நிலையமாக அதை மாற்றினார்கள். அதே 2001இல் வீழ்ந்த பூஜ் மருத்துவமனை மூன்றே ஆண்டுகளில் எழுந்ததையும், இங்கே பூட்டைத் திறக்க இன்னொரு பேரிடர் வர வேண்டியிருந்ததையும் ஒப்பிட்டு நாம் வாளாவிருந்தோம். அவளோ, "கட்டடம் இருந்தது, கட்டிலும் போட்டுவிட்டார்கள். டாக்டர்களைத்தான் வெளியூரில் தேட வேண்டும்" என்றாள்.

அவள் எங்கே படிக்கப்போகிறாள் என்பதைவிட, படித்து எங்கே திரும்பப்போகிறாள் என்பதை அச்சொற்கள் நமக்குச் சொல்லிவிட்டன.

மூன்று வாரம் கழித்துக் கல்லூரியிலிருந்து பதில் வந்ததாகச் செய்தி எழுதியிருந்தாள். மருத்துவமனை முழுமையாக இயங்குகிறதாம்; ஆசிரியர்களின் பட்டியலையும் அனுப்பியிருக்கிறார்களாம். பயிற்சி எங்கே நடைபெறும் என்பதற்கு மட்டும் தெளிவான விடை இல்லை. அதை மீண்டும் கேட்டு எழுதியிருக்கிறாள். உள்நாட்டுக் கலந்தாய்வின் அடுத்த சுற்றுக்கும் காத்திருக்கிறாள். முகவர் சொன்ன கெடு கழிந்து இரண்டு வாரங்கள் ஆகியும், இடம் போய்விட்டதாக யாரும் சொல்லவில்லையாம்! கடிதத்தின் அடியில் பெரியவர் தம் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: "காற்று வருகிறது, முட்டு நிற்கிறது, வழி தெரிந்தபின் இறங்குவாள்."

நம் அன்பர்களின் இல்லங்களிலும் இத்தகைய பிள்ளைகள் இருக்கக்கூடும். அடிபட்ட கல்லூரி என்று அஞ்சவும் வேண்டாம். கட்டணம் குறைவு என்று மயங்கவும் வேண்டாம். பாலகாட்டுப் பெரியவரின் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் பொன்னோடு அவர் எடுத்து வந்த அறிவு அது. பொன் போய்விட்டது, அறிவு நமக்கு எஞ்சியிருக்கிறது.